ஸ்பிரிங் உயர்த்திய ஜிம்னியில் 70 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆட்டம்: டேம்பர் மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். நீலகிரித் தோட்டப் பாதைகளில் அடிப்பகுதி பாறையில் தட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, என்னுடைய ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னிக்கு 50 மி.மீ. உயரம் கூட்டும் ஸ்பிரிங்குகளையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பர்களையும் ஒரு பட்டறையில் பொருத்தினேன். டயர்களும் 195/80 ஆர்15 அளவிலிருந்து 215/75 ஆர்15 அளவுக்கு மாற்றப்பட்டன. மலைப்பாதையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே சமவெளியில் 65 முதல் 75 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, பாலத்தின் இணைப்பிலோ சிறு பள்ளத்திலோ ஒரு முன்சக்கரம் இறங்கி ஏறினால், ஸ்டீயரிங் இருபுறமும் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்கி, வண்டி ஏறக்குறைய நிற்கும் வரை அடங்குவதில்லை. வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்தாயிற்று, மாற்றம் இல்லை. கடினமான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் இணைப்பின் ஆட்டத்தை அடக்கும், ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். குடும்பத்தோடு செல்லும் வண்டி என்பதால் அஞ்சுகிறேன். எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1

டேம்பரை இப்போது வாங்காதீர்கள் ஐயா. பேலன்சிங் குறையினால் வரும் அதிர்வு பள்ளத்துக்காகக் காத்திருக்காது. குறிப்பிட்ட வேகத்தில் தானாக வந்து, அந்த வேகத்தைத் தாண்டியதும் குறைந்துவிடும். பள்ளத்தில் தூண்டப்பட்டு, வேகம் குறைந்த பிறகும் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம் என்பது, ஒரே தண்டாக உள்ள முன் ஆக்சில் வண்டிகளில் இணைப்பு எதிலோ பிளே (தளர்வான அசைவு) இருக்கிறது, அல்லது காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிட்டது, அல்லது இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்பதற்கான அறிகுறியாகும். கடினமான டேம்பர் அந்த ஆட்டத்தைச் சில காலம் அமுக்கி வைக்கும். தேய்மானமோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

முதலில் பிளேயைத் தேடுங்கள். வண்டி தரையில் நிற்க, என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிதளவு விரைவாக அசைக்க, மற்றவர் பேனார்ட் ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிணைக்கும் தண்டு) இரு முனைகளிலும், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு), டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனைகளிலும் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். உங்கள் விவரிப்பைப் படித்ததும் எனக்கு முதல் சந்தேகம் பேனார்ட் ராடின் மீதுதான். ஸ்பிரிங் மாற்றும்போது வண்டியை ஜாக்கில் தூக்கி, ஆக்சில் தொங்கும் நிலையிலேயே புஷ் (இணைப்பு முனையில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை முறுக்கிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, விரைவில் கிழிந்துவிடும்.

அடுத்தது கிங் பின் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) பேரிங். ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். அசைவு இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: அசைவு மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். காஸ்டரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஜிம்னியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீண்ட ஆர்ம்கள் பின்னோக்கிச் சென்று சேஸிஸில் சேர்கின்றன. உடல் 50 மி.மீ. உயரும்போது ஆர்மின் பின்முனையும் உயர்ந்து, ஆக்சில் முன்பக்கமாகக் கவிழ்கிறது. ஆர்மின் நீளத்தை ஏறத்தாழ 700 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், இந்தக் கவிழ்வு சுமார் 4 டிகிரி ஆகும். சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் விசையைத் தருவது காஸ்டர்தான் என்பதால், அதில் இத்தனை டிகிரியை இழந்த வண்டி சிறு தட்டலுக்கும் ஆடத் தயாராகிவிடுகிறது. இத்தகைய ஆக்சிலில் காஸ்டரைத் திருத்த வசதி இல்லாததால், அலைன்மென்ட் கடைகளில் டோவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். அச்சிட்ட அளவுத்தாளைக் கேட்டு வாங்கி, காஸ்டர் வரியைப் படியுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பேனார்ட் ராடின் சேஸிஸ் முனைப் புஷ் கிழிந்திருந்தது; ஸ்டீயரிங்கை அசைக்கும்போது ராடே பக்கவாட்டில் நகர்வதை உணர முடிந்தது. வலதுபுறத்தில், பிரேக் மிதித்த பிறகும் மறையாத லேசான அசைவு இருக்கிறது. காஸ்டர் இடதில் 0.5 டிகிரி, வலதில் 0.7 டிகிரி. இப்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்? சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டலாமா?

மறுமொழி 1

நெடுஞ்சாலைக்குக் கொண்டுசெல்லவே வேண்டாம். தவிர்க்க முடியாமல் ஆட்டம் வந்துவிட்டால், பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

பழுதுபார்ப்பைக் கிங் பின்னிலிருந்து தொடங்குங்கள். பேரிங் நல்ல நிலையில் இருந்தால் ஷிம்மை (மெல்லிய இடைத்தகட்டை) குறைத்து இறுக்கத்தைக் கூட்டலாம்; குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். இறுக்கத்தைக் கையளவில் மதிப்பிடாமல், ஸ்பிரிங் தராசு கொண்டு நக்கிளை (கிங் பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை) இழுத்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பேனார்ட் ராடைப் போடுங்கள். உயர்த்திய வண்டியில் ஆக்சில் ஒரு பக்கம் விலகியிருக்கும், அதை நடுவுக்குக் கொண்டுவர இது உதவும். போல்ட்டை இறுதியாக முறுக்கும்போது வண்டி தன் சக்கரங்களின் மீது நிற்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுமொழி 2

காஸ்டருக்கு, துளை மையம் விலகிய திருத்தப் புஷ்களை ஆர்மில் போடலாம். ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது பினியன் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் பல்சக்கரம்) கீழ்நோக்கி இறங்கி, முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். முன் ஹப் விடுபட்டிருக்கும் 2எச் நிலையில் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) இது தெரியாது. 4எச்-இல் (நான்கு சக்கரங்களும் இயங்கும் நிலையில்) புதிய அதிர்வு வந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். முடிவில் டிராக் லிங்கைச் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். அது கோணலாக இருந்தால் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானாகப் பிரேக் பிடிக்கும் மின்னணு அமைப்பு) தவறாகக் குறுக்கிடக்கூடும்.

இன்னொன்று: தயாரிப்பாளர் தந்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்திடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் உங்கள் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

சொன்ன வரிசையிலேயே வேலை முடிந்தது. வலது கிங் பின்னின் கீழ்ப் பேரிங்கில் குழிகள் இருந்ததால், அப்பக்கத்துப் பேரிங்குகள் மாற்றப்பட்டன. காஸ்டர் இப்போது இருபுறமும் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அதே சாலையில் 80 கி.மீ. வரை சென்று பார்த்தேன். பள்ளத்தில் ஒரு தட்டல் மட்டும் வந்து உடனே அடங்கிவிடுகிறது. 4எச்-இலும் அதிர்வு இல்லை. இனியும் கடினமான டேம்பர் தேவைப்படுமா?

மறுமொழி 1

தேவையில்லை. பழைய டேம்பரில் எண்ணெய்க் கசிவு இல்லாமலும், கழற்றிக் கையால் இழுத்தால் இரு திசையிலும் சீரான எதிர்ப்பு இருந்தும் வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. ஓடிய பிறகு பேனார்ட் ராட், ஆர்ம் போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் சோதித்துவிடுங்கள்.