“செல் அழற்சி” வேண்டாம், “இமைத்திசு அழற்சி” எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

கண்ணிமையில் தொற்றால் வரும் வீக்கமான ப்ரீசெப்டல் செல்லுலைட்டிஸுக்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா போன மடலில் கொடுத்த “முன்தடுப்பு உயிரணு அழற்சி” எனக்கு ஒப்பவில்லை. செல்லுலைட்டிஸில் இருக்கும் செல் உயிரணுவே அல்ல. தோலுக்கு அடியில் உள்ள தளர்வான திசுவைப் பழைய உடற்கூறியலில் செல்லுலர் திசு என்பார்கள், அந்தப் பெயரின் மிச்சம் அது.

போன மாதம் ஏற்காட்டில் என் அக்கா மகனுக்கு (5 வயது) புருவத்துக்குக் கீழே ஏதோ பூச்சி கடித்து, மறுநாள் காலை மேலிமை நாவற்பழம் மாதிரி உப்பிக் கண்ணே திறக்கவில்லை. கண்கட்டிதான் என்று அம்மா நாமக்கட்டியை உரசிப் போட்டுவிட்டார். சாயங்காலம் காய்ச்சலும் சேர்ந்த பிறகுதான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு ஓடினார்கள். அங்கே கொடுத்த தாளில் “செல் அழற்சி” என்று இருந்திருக்கிறது. அக்கா எனக்குப் போன் போட்டு, “ஏன்டா, செல்லு பாத்தா இதெல்லாமா வரும்?” என்கிறாள்!

டாக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. வீங்கிய இமையை மெல்லத் தூக்கிப் பிடித்து, பேனா மூடியை நாலு பக்கமும் காட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டச் சொன்னாராம். இமைக்குள் மெல்லிய சவ்வுத்திரை ஒன்று உண்டு. தொற்று அதற்கு முன்னாலேயே நின்றால் விழி வலியில்லாமல் சுழலும், பார்வையும் கெடாது. திரைக்குப் பின்னால் கண்குழிக்குள் இருந்தால் (அது பெரும்பாலும் சைனஸிலிருந்து வருவது) விழி முன்னே தள்ளும், அசைத்தால் வலிக்கும், பார்வை மங்கும், சிலருக்கு இரண்டிரண்டாகத் தெரியும். அப்படியானால் ராத்திரி, விடியற்காலை என்று பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான். படுக்கையில் சேர்த்து ஸ்கேன் எடுத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். பையனுக்கு விழி நன்றாக ஓடியதால் வாய்வழி மருந்தோடு போயிற்று, மறுநாளே திரும்பக் காட்டச் சொன்னார்கள்.

ஆக, சொல்லிலேயே அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். திரைமுன் அழற்சி, திரைப்பின் அழற்சி என்று நானும் யோசித்தேன், ஆனால் காதில் இரண்டும் ஒன்றுபோல விழுகின்றன, அவசரத்தில் மாறிப்போகும். அதனால் முன்னதற்கு இமைத்திசு அழற்சி, பின்னதற்குக் கண்குழி அழற்சி. வெறும் “இமை அழற்சி”யை ஏற்கெனவே பிளெஃபரைட்டிஸுக்குச் சிலர் எழுதுகிறார்கள். அது இமை விளிம்பில் பொடுகு தட்டி அரிக்கும் நோய், “இமையோர அழற்சி” என்றால் இடம் சரியாக விழும்.

கண்கட்டியை யாரும் தொடாதீர்கள், அதைவிட நல்ல சொல் கிடைக்காது. இமைமுடியின் வேரில் வலியோடு வரும் கட்டி, வெதுவெதுப்பான ஒத்தடம் போதும், பிதுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சலேசியன்தான் மாட்டுகிறது. வலிக்காது, இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக் கெட்டியாக உருளும். கிரேக்கத்தில் அதன் மூலம் ஆலங்கட்டி மழையின் கட்டி. கண்கட்டிக்குப் பக்கத்தில் ஆலங்கட்டி என்று வைத்தால் இயைபு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அக்கா மறுபடி போன் போடுவாள். “இமைமணி” சரிப்படுமா?