பழைய வால்வ் ரேடியோவில் கருகிய ரெசிஸ்டர்: என்ன மதிப்பு போடுவது?

கேள்வி (தேவகோட்டை):
காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கிய, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மரப்பெட்டி ரேடியோ. ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வின் கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் முனை) ரெசிஸ்டர் கருகி, மதிப்பைச் சொல்லும் நிறப்பட்டைகளே தெரியவில்லை. சர்க்யூட் படமும் இல்லை. அதை மட்டும் மாற்றினால் போதுமா அண்ணே?

பதில் (காரைக்குடி):
போதாது தம்பி, புதுசும் கருகிவிடும். குற்றவாளி பெரும்பாலும் முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) இஎல்84 கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) வரும் பேப்பர் கப்பாசிட்டர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வ் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும்; அது இந்த ரெசிஸ்டர் வழியேதான் போகும். பழசில் இருக்கும் அதே மதிப்பில், பெரும்பாலும் 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் போடுங்கள். ரெசிஸ்டருக்கு 150 ஓம், 2 வாட். பக்கத்திலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரையும் மாற்றாமல் விடாதீர்கள்: 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்.

பதில் (பள்ளத்தூர்):
கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றி, மெயின் ஃபில்டர் கப்பாசிட்டரில் தேங்கியுள்ள மின்சாரத்தை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, வோல்ட் போய்விட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டேக் ஸ்ட்ரிப்பை (பாகங்களைப் பற்றவைக்கும் முனைகள் உள்ள பட்டை) சூடாக்கி இழுத்தால் உடையும். பழைய ரெசிஸ்டரின் கால் கம்பியை வெட்டி, மிச்சக் கம்பியில் கொக்கி போட்டுப் பற்றவையுங்கள். ரெசிஸ்டர் உடல் எதையும் தொடாமல் காற்றில் நிற்கட்டும்.

முதலில் 60 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு அளக்கலாம்: கிரிட்டில் 0, கேத்தோடில் 7, 8 வோல்ட். 12க்கு மேல் போனால் உடனே அணையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கிரிட்டில் 9 வோல்ட் இருந்தது. கப்பாசிட்டர் மாற்றியதும் 0. கேத்தோடு 7.6.