‘ரீட்ரா’வுக்குத் தமிழில் என்ன? – மறுதீட்டல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

‘ரீட்ரா’வுக்கு (redraw) ஒரு தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரீட்டா என்ற ஓவிய மென்பொருளில் படம் போடப் பழகுகிறவர்களுக்காக நாங்கள் எழுதிவரும் தமிழ்க் கையேட்டில் இந்தப் பயிற்சிக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. தலைப்பில் மட்டும் இன்னும் ‘ரீட்ரா’ என்றே நிற்கிறது.

முதலில் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் கணினியில் தான் வரைந்த ஒரு கதாபாத்திரத்தை, இப்போது கைவந்திருக்கும் திறமையோடு, வெற்றுத் திரையில் முதலிலிருந்து வரைவது. பாத்திரம் அதே, நிற்கிற தோரணையும் ஏறக்குறைய அதே. முடித்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஓவியர்கள் படங்களைப் பகிரும் டீவியன்ட்ஆர்ட் தளத்தில் வழக்கமாகிப் பரவிய பழக்கம் இது: இரண்டு கட்டங்கள், அன்றைய படம் ஒன்றில், இன்றைய படம் மற்றதில், கீழே ஆண்டு. பழைய கோப்பைத் திறந்து நிறத்தைச் சரிசெய்வது இதில் சேராது. அதற்கு ‘மெருகேற்றல்’ இருக்கிறது. இன்னொருவருடைய பாத்திரத்தை நம் பாணியில் வரைவதும் வேறு. கை ஒன்றாக இருக்க வேண்டும், காலம் மட்டும் மாறியிருக்க வேண்டும்.

> ‘மறுவரைவு’ என்று எளிதாக முடித்துவிடலாமே?

ஐயா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் இன்றைய தமிழில் ‘வரைவு’ என்றால் வரைவு அறிக்கை, வரைவு வாக்காளர் பட்டியல் என்று இறுதியாகாத ஆவணம்தான் மனத்தில் வரும். அதோடு ‘மறு’ சேர்ந்தால் மசோதாவைத் திருத்தி எழுதுகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். ‘மறுவரை’ என்று சுருக்கினால் தொகுதி மறுவரையறை பக்கம் போய்விடும். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. வரைவு கடாதல், வரைவு மலிதல் என்ற துறைகளில் வரைவு என்பது திருமணம். மூன்று திசையிலும் வேறு பொருள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாலாவதாக ஒன்றை ஏற்ற வேண்டாம்.

> எங்கள் பக்கம் ‘மீள்’ என்பதே பழக்கம். மீள்வரைதல் சரிவராதா?

அக்கா, இலங்கை வழக்கில் மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று இது இயல்பாக ஓடுகிறது, உண்மைதான். தமிழ்நாட்டிலும் மீள்பார்வை, மீள்பதிவு உண்டு. எனக்குத் தயக்கம் ‘மீள்’ மீது இல்லை. மீள்வரைதல் என்றால் திரும்ப வரைந்தார் என்பது மட்டும்தான் தெரிகிறது. கோப்பு தொலைந்துபோய்த் திரும்ப வரைந்தாலும் அதே சொல்தான். கை தேறியிருக்கிறது என்ற செய்தி எங்கே?

‘மீட்டுருவாக்கம்’ சிதைந்ததை மீட்பதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. ‘மறுஆக்கம்’ திரைப்படத்துக்குப் போய்விட்டது. இரண்டையும் விட்டுவிடலாம்.

நான் முன்வைப்பது மறுதீட்டல்.

ஓவியம் தீட்டுகிறோம். கத்தியையும் தீட்டுகிறோம். ஒரே வினையில் வண்ணம் பூசுவதும் கூராக்குவதும் இருக்கின்றன. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் அதுவே. எந்த ஒட்டும் சேர்க்காமல் மொழியே இதைக் கொடுக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்?

சொல் பொருந்துகிறதா என்று ஓர் உண்மையான படத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களிடம் பயிலும் ஒரு மாணவி, பள்ளியில் படிக்கும்போது வரைந்த காவல்காரப் பெண் பாத்திரத்தை அண்மையில் மறுபடி வரைந்தார். பழைய படத்தில் ஒரு கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. விரல் வரைய வராதவர்கள் எல்லாரும் செய்வதுதான். வேல் இன்னொரு கையின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிழல் விழும் இடமெல்லாம் கறுப்பை மென்தூரிகையால் தேய்த்திருப்பதால், மாநிறத் தோல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாது. ஓரமெல்லாம் இருட்டு, நடுவெல்லாம் வெளுப்பு.

புதியதில் ஒளி இடப்பக்கம் மேலிருந்து விழுகிறது, மூக்கின் நிழல் கன்னத்தில் சாய்கிறது. நிழலுக்குக் கறுப்பு இல்லை. தோல் நிறத்தையே சிவப்பும் ஊதாவும் கலந்த பக்கமாக நகர்த்தி, அடியிலுள்ள நிறத்தோடு கலந்து அதை இருட்டாக்கும் ‘பெருக்கல்’ (multiply) முறையில் தனி அடுக்காகப் போட்டிருக்கிறார். ஒளிந்திருந்த கை வெளியே வந்து வேலைப் பிடித்திருக்கிறது. கட்டை விரல் தண்டைச் சுற்றி அழுந்துமிடத்தில் சதை சற்றுப் பிதுங்குகிறது பாருங்கள், அந்த ஒரு அங்குலத்தில் ஆண்டுக்கணக்கான பழக்கம் தெரியும். இன்னொன்று: பழைய படத்தை கிரீட்டாவில் M விசையை அழுத்தி இடவலம் திருப்பிப் பார்த்தால் ஒரு கண் இறங்கியிருப்பது உடனே தெரிகிறது. புதியதைத் திருப்பினாலும் முகம் நிற்கிறது.

அவர் பழைய படத்தைக் கீழடுக்கில் மங்கலாக வைத்து அதன் மேல் கோடு இழுக்கவில்லை. ஓரத்தில் சின்னதாக வைத்து, பார்த்துப் பார்த்துப் புதிதாக வரைந்தார். கையேட்டிலும் அப்படியே சொல்லப்போகிறோம். மேலே கோடு இழுத்தால் பழைய உடலளவுப் பிழையெல்லாம் புதிய படத்துக்கும் வந்து சேர்ந்துவிடும். இந்த வேலையைத் ‘திரும்ப வரைந்தார்’ என்று சொன்னால் போதவில்லை. ‘மறுதீட்டினார்’ என்றால் சரியாக உட்காருகிறது.

> ‘தீட்டு’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கிறதே?

இருக்கிறது. பலருக்கு வலி தந்த சொல் அது, பொருட்படுத்தாமல் தாண்டிவிட முடியாது. அதனால்தான் ‘மறுதீட்டு’ என்று பெயராக நிறுத்தாமல், தொழிற்பெயராக ‘மறுதீட்டல்’ என்று வைக்கிறேன். ஓவியம் தீட்டினார், மை தீட்டினார், திட்டம் தீட்டினார் என்று வினையாக வரும்போது யாருக்கும் அந்தப் பொருள் தோன்றுவதில்லை. கையேட்டில் எங்கும் ‘மறுதீட்டு’ தனியாக வராமல் பார்த்துக்கொள்வோம். ஏவலுக்கு ‘மறுதீட்டுங்கள்’ போதும்.

> திறமை கூடியதால் வரைந்தால்தான் மறுதீட்டலா? ஒரே படத்தைப் பலமுறை வரைந்த பழைய ஓவியர்களை என்ன செய்வது?

நல்ல கேள்வி, அண்ணா. நார்வே ஓவியர் மூங்க், நோயுற்ற சிறுமியின் படத்தை நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை வண்ணத்தில் வரைந்தார். அக்காளை இழந்த துயரம் திரும்பத் திரும்ப அங்கே இழுத்தது. முந்தையது தேறவில்லை என்பது காரணமில்லை. அதை நான் மறுதீட்டல் என்று சொல்லமாட்டேன். ஜப்பானின் ஹொக்குசாய் வேறு. 1800களின் தொடக்கத்தில் படகுகளையும் பெரிய அலையையும் வரைந்தார். அலை கனமாக, அசைவில்லாமல் நிற்கும். 1831 வாக்கில், எழுபது வயதை ஒட்டி, அதே பொருளுக்குத் திரும்பி வந்தார். இப்போது நுரை நகம் நகமாகப் பிரிகிறது, அலையின் வளைவுக்குள் தூரத்து ஃபூஜி மலை சிறிதாக அமர்கிறது. பாத்திரமும் இல்லை, கணினியும் இல்லை என்றாலும் சொல்லின் உயிர் அங்கே இருக்கிறது. எனவே வரையறையில் ‘கணினி’யைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ‘தன் பழைய படைப்பை’, ‘தேறிய திறனுடன்’ என்ற இரண்டும் இருந்தால் போதும்.

அப்புறம், பக்கத்தில் வைக்கும் பழைய படத்துக்கு ‘மூலப்படம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலம் என்றால் அதுதான் அசல், புதியது நகல் என்று ஆகிவிடும். ‘முன்படம்’, ‘பின்படம்’ என்று இணையாக வைத்தால் எது முந்தியது என்பது மட்டும் தெரியும். அச்சுக்குப் போகும் முன் இந்த இரண்டைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும், குறிப்பாக ஓவியம் கற்பிக்கிறவர்களிடமிருந்து.