நான்காவது சுற்றில் பிரேக் பெடல் தொய்கிறது: சான் ஸ்டார்ம்

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
என் வண்டி பழைய சான் ஸ்டார்ம் கார். ஃபைபர் பாடி, 1149 சிசி ரெனோ இன்ஜின், இரண்டே சீட். போன மாதம் முதல்முறையாக சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனேன். மூன்று சுற்று சொர்க்கம். நான்காவதில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் பார்த்தால் பழையபடி கெட்டி! மெக்கானிக் பெரிய இன்ஜின் போடலாம் என்கிறார். எதை முதலில் செய்வது?

பதில் (ஜெயநகர்):
இன்ஜினை விடுங்க தம்பி. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆவி அமுங்கும், அதனால்தான் பஞ்சு. ஆறினதும் சரியாகிவிடும், அதை நம்பாதீர்கள். ஆயிலோடு பிரேக் பேடையும் ஆயில் போகும் ஹோஸையும் மாற்றுங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள்.

கேட்டவர்:
அண்ணா, வாங்கி ஐந்து வருடம், ஒருமுறைகூட மாற்றவில்லை. இப்போது மூடியைத் திறந்தேன், காபி டிகாஷன் நிறம்.

பதில் (மல்லேஸ்வரம்):
அப்புறம் டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1716 என்றால் 2016-இன் 17-வது வாரம். அவ்வளவு பழசென்றால் டயரின் பட்டன் (மேல் வரிகள்) தேயாவிட்டாலும் டிராக்குக்கு வேண்டாம். சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.