கேப் துப்பாக்கி பார்த்த பழக்கத்தோடு சக்கிமுக்கித் துப்பாக்கி கற்கலாமா?

சாப்டூர்ப் பேரன்:

எங்கள் தாத்தாவிடம் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மலையடிவாரக் கடலைக் காட்டில் பன்றி விரட்ட அவர் அதைக் கெட்டிப்பதை, அதாவது குழலுக்குள் மருந்தும் ரவையும் அடைப்பதை, சிறுவயதில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்: மருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ரவை என்னும் சிறு ஈயக் குண்டுகள், மறுபடியும் நார், கடைசியில் குழலின் பின்புறம் நிப்பிள் என்னும் சிறு குழாயின் மேல், அடித்தால் தீப்பொறி தரும் கேப் என்னும் சிறு மூடி. அவர் காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். வரும் டிசம்பரில் பென்சில்வேனியாவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே (கேப் இல்லாமல், கல் எஃகில் உரசும் பொறியால் சுடுவது) தனியாக மான் வேட்டைப் பருவம் உண்டாம். அதற்காகப் பயிற்சி எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் சுடுதளத்துக்கு அழைத்திருக்கிறார். கேப் வகைக்கும் இதற்கும் கெட்டிப்பதில் என்ன வேறுபாடு, எந்த இடத்தில் கை தவறும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டும். தாத்தா கெட்டித்த துப்பாக்கியை விடியும்வரை சுவரில் மாட்டி வைப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்துக் கற்றதெல்லாம் நல்ல பழக்கம் இல்லை.

செல்லூரான், இப்போது லான்காஸ்டரில்:

ஐயா, துப்பாக்கி கைக்கு வந்தவுடன் குழல் காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் திணிகோலை அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, அதைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். முனை பற்றுவாய் வரை, அதாவது தீ குழலுக்குள் போகும் பக்கத் துளை வரை, எட்டினால் காலி. இரண்டு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் யாரோ கெட்டித்தது உள்ளேயே கிடக்கிறது.

போட வேண்டியது கரிமருந்து மட்டுமே. இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்துவிடும். கரிமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் என்ற மருந்து பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும் என்பதால் கல்லின் பொறிக்குச் சரிவருவதில்லை. மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டவே கூடாது; முந்தைய வேட்டின் கங்கு உள்ளே ஒளிந்திருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். முதலில் அளவைக்குள் ஊற்றி, கொம்பை மூடி அப்பால் வைத்துவிட்டு, பிறகு அளவையிலிருந்து கொட்ட வேண்டும். அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், தயாரித்தவரின் கையேட்டைப் பாருங்கள். என்னுடைய 50 காலிபர் (அரை அங்குல உள்விட்டம்) குழலுக்கு 60 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 4 கிராம் போடுகிறேன்.

இதில் ரவையும் நாரும் இல்லை. மசகு தடவிய துணித் துண்டில் பொதிந்த ஒற்றை ஈயக் குண்டு. திணிகோலைக் குழல்வாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். மேலே பிடித்து அழுத்தினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையைக் கிழிக்கும். குண்டு மருந்தின்மேல் முழுதாகப் படிய வேண்டும், இடைவெளி விட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். ஆகவே குண்டு படிந்த நிலையில் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நடக்கும்போது கல்லைப் பிடித்திருக்கும் குதிரை இறங்கியும், கல் உரசும் எஃகுத் தகடு திறந்தும், பொறி விழும் மருந்தை வைக்கப் பற்றுவாய்க்கு வெளியே இருக்கும் கிண்ணி காலியாகவும் இருக்க வேண்டும். கேப்பைப் போலவே கிண்ணி மருந்தும் கடைசி வேலைதான். சுடும் வரிசைக்குப் போய்க் குழல் இலக்கை நோக்கிய பிறகே வையுங்கள். கிண்ணியில் பாதியளவு போதும். பற்றுவாயை மூடும்படி குவித்தால் அது திரிபோல மெதுவாக எரிந்து, வேட்டு தாமதமாகும். தீ வலப்பக்கமாகப் பீறிடும் என்பதால் அந்தப் பக்கம் யாரையும் நிற்கவிடாதீர்கள். கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆயுதக் கிடங்குக்காரன், மதுரை:

நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சுடாமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். நமுத்த வெடி என்று நினைத்துக் குனிந்து பார்த்து முகத்தைக் கருக்கிக்கொண்டவர்களை நம் தெருக்களில் தீபாவளிதோறும் பார்க்கிறோம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டாலோ, கிண்ணி மட்டும் எரிந்து அடங்கிவிட்டாலோ, குழலை இலக்கிலிருந்து அசைக்காமல் முழு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகே பற்றுவாயைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கிண்ணியில் புதிதாக மருந்து வைக்கலாம். எதற்காகவும் குழல்வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால், அன்றைக்கே வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம் சக்கிமுக்கி வகையைப் பழமையான ஆயுதம் என்று தனியாக ஒதுக்கிவைத்திருக்கிறது. நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்குத் தருகிறது. சுடக்கூடியது எதுவானாலும் உரிமம் வேண்டும்.

சாப்டூர்ப் பேரன்:

இருவருக்கும் நன்றி. தாத்தாவின் திணிகோலில் கத்தியால் கீறிய கோடுகள் இரண்டு இருந்தன, ஒன்றுக்கொன்று மூன்று விரற்கடை தள்ளி. கணக்குக்குக் கீறியது என்று ஒருமுறை சொன்னார். சுட்டுக் கொன்ற பன்றிகளின் கணக்கு என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.