சிவப்பு மையில் எழுதியது

தொண்டிப் பக்கத்து நர்ஸ்:
20 படுக்கை ஆஸ்பத்திரி. கேஸ் ஷீட்டை மூட்டை கட்டிவிட்டு ஒரே திங்கட்கிழமையில் கம்ப்யூட்டருக்கு மாறினோம். பெயர், வயது, ஊர், கடைசி மூன்று விசிட் மட்டும் ஏற்றியிருந்தார்கள். அன்று ஒரு முனியசாமி வந்தார் (எங்கள் பக்கம் முனியசாமிக்குப் பஞ்சமா?). திருக்கை முள் குத்திய கால், சீழ் வைத்திருந்தது. ஸ்கிரீனில் அலர்ஜி கட்டம் காலி. பென்சிலின் வகையான ஆம்பிசிலினை சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். "ஏத்தா, இவுகளுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு செவப்பு மையில எழுதியிருப்பாகளே, பாக்கலையா?" என்றார் அவர் மனைவி. குடோனுக்கு ஓடி மூட்டையைப் பிரித்தேன். அட்டையிலேயே கொட்டை எழுத்தில், 'பென்சிலின் ஆகாது'. என் கையெழுத்து.

மண்டபம் ரெக்கார்ட்ஸ்:
சிஸ்டர், தப்பு தேதியில். திங்கட்கிழமை ஓபி கூட்டத்தில் யாராவது மாறுவார்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஊரில் காசு புழங்காது, ஓபி காற்றாடும். அப்போது வைத்திருக்கலாம். அப்புறம், அலர்ஜி, சுகர், பிரஷர், தினசரி மாத்திரை எல்லாவற்றையும் ஒருவர் கையால் ஏற்றி, இன்னொருவர் அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். காலிக் கட்டம் என்றால் 'அலர்ஜி இல்லை' அல்ல, 'யாரும் கேட்கவில்லை'. இரண்டுக்கும் தனித்தனி பட்டன் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் பழைய அட்டையும் கூடவே வரட்டும். கரண்ட் போனால் எழுத அச்சடித்த தாள் மேஜையில் இருக்கட்டும். எங்கள் கதையா? உப்புக்காற்றில் லேன் வயர் முனை களிம்பேறி, ஒரு நாள் பார்மசி மட்டும் முடங்கியது. அவ்வளவுதான்.

கீழக்கரை ரிசப்ஷன்:
தடைக்காலத்தில் ஓபி காற்றாடுமா? யார் சொன்னது அண்ணே? தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். கரையில் நிற்கிற ஆம்பளைகள் வருஷமெல்லாம் தள்ளிப்போட்ட குடலிறக்கத்தோடு அப்போதுதான் வருவார்கள்.
எனக்கு உறுத்துவது ஓடிபி. 14 இலக்க ஆபா நம்பர் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) எடுக்க ஒரு கர்ப்பிணியை உட்கார வைத்தேன். ஆதாரில் இருந்தது புருஷன் நம்பர். போன் அவரோடு கடலில். "நாளைக்குக் காலையில கரைக்கு வந்துருவாக, அப்ப வரவாக்கா?" என்றாள். எட்டு மாதம், இரண்டு பஸ் மாறி வந்தவள். சரி என்று அனுப்பிவிட்டேன். ஆபா கட்டாயமில்லை, அது இல்லாமலே பதியலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் அவள் வரவில்லை.

தொண்டிப் பக்கத்து நர்ஸ்:
தேதியை விடுங்கள். முனியசாமி மனைவி அன்று உடன் வராமல் இருந்திருந்தால்? அது இருக்கட்டும் மண்டபம் அண்ணே, அந்தத் தனி பட்டன் போட உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள்?