நாலாம் வகுப்பு மகளுக்குப் பின்னம் பிடிபடவில்லை, வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நாலாப்பு அம்மா:
இந்தப் பருவத்தில் பெருக்கல், சுற்றளவு, நீர்ச் சுழற்சி எல்லாம் நடத்திவிட்டார்கள். அவையெல்லாம் அவளுக்கு நன்றாகவே வருகின்றன. பின்னம் வந்ததும் நின்றுவிட்டாள். 1/8, 1/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் சட்டென்று 1/8 என்கிறாள். நாலைவிட எட்டு பெரிதாம். 1/4 + 2/4 என்றால் 3/8 என்று எழுதுகிறாள். விதியைச் சொல்லிக் கொடுத்தால் அன்றைக்குச் சரியாகப் போடுகிறாள், மறுநாள் பழையபடிதான். அதட்டவும் மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கணக்கு டீச்சர்:
மூன்று, நான்காம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். 1/8 என்பதை அவள் ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை, மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று தனித்தனியாகப் பார்க்கிறாள். இத்தனை நாள் முழு எண்களோடு பழகிய குழந்தை அப்படிப் பார்ப்பது இயல்பு. அதட்டாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய உதவி.

விதியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரே நீளத்தில் நாலைந்து காகிதப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். வட்டம் வேண்டாம்; வட்டத்தைச் சமமாகப் பிரிப்பது சின்னக் கைக்குக் கஷ்டம். ஒரு பட்டையை அப்படியே வைத்துவிட்டு, அடுத்ததை இரண்டாக, அதற்கடுத்ததை நாலாக, இன்னொன்றை எட்டாக அவளே மடிக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் 1/2, 1/4, 1/8 என்று அவள் கையாலேயே எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். மடிக்க மடிக்கத் துண்டு சிறுத்துக்கொண்டே போவதை அவள் கண்ணே பார்த்துவிடும். எல்லாப் பட்டையும் ஒரே நீளம் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முழுமை வேறுபட்டால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

கூட்டலுக்கு வருவோம். 2/4 எவ்வளவு என்று பட்டையில் காட்டச் சொல்லுங்கள். பாதி என்பாள். அதோடு இன்னும் 1/4 சேர்த்தால் விடை பாதியைவிடக் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? இப்போது அவள் எழுதிய 3/8-ஐப் பட்டையில் தொட்டுக் காட்டட்டும். எட்டில் நாலுதான் பாதி, ஆக 3/8 பாதிக்கும் குறைவு. விடை தவறு என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

இரட்டையர் அப்பா:
எங்கள் வீட்டில் "கீழே எண் பெரிதானால் பின்னம் சிறிது" என்று மனப்பாடமாக்கிவிட்டோம். இருவரும் சரியாகப் போடுகிறார்கள். அது போதாதா?

கணக்கு டீச்சர்:
மேலே உள்ள எண் ஒன்றாக இருக்கும்வரை அது சரி. 3/8, 1/4 கொடுத்துப் பாருங்கள். அந்த விதிப்படி 3/8 சிறியது என்பார்கள். 1/4 என்பது 2/8 தானே, 3/8 அதைவிடப் பெரியது. புரியாமல் படித்த விதி இப்படித்தான் பாதி வழியில் கைவிடும், அதனால் இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

பட்டை பழகியதும் எண்கோட்டுக்குப் போய்விடுங்கள். 0-வுக்கும் 1-க்கும் நடுவில் 1/4, 1/2, 3/4 குறித்த பிறகு, அதே இடைவெளியில் 1-ஐத் தாண்டி ஒரு தாவல். அதுதான் 5/4. பட்டையோடு மட்டும் நின்றுவிட்ட குழந்தைகள் "நாலில் அஞ்சு எப்படி எடுப்பது?" என்று இங்கேதான் திணறுவார்கள்.

நாலாப்பு அம்மா:
ரொம்ப நன்றி டீச்சர். பட்டை செய்தோம், 3/8 தவறு என்று அவளே சொல்லிவிட்டாள்! அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: மூன்று பட்டையை நாலு பேருக்குச் சமமாகக் கொடுக்க முடியுமா?

கணக்கு டீச்சர்:
அருமையான கேள்வி! இரண்டு பட்டையைப் பாதியாக வெட்டினால் நாலு பேருக்கும் ஆளுக்கு 1/2. மீதிப் பட்டையை நாலாக்கினால் ஆளுக்கு 1/4. மொத்தம் 3/4. பழைய எகிப்தியர்கள் பெரும்பாலும் இப்படித்தான், மேலே ஒன்று உள்ள பின்னங்களைக் கூட்டியே எழுதினார்கள். அவர்கள் 3/4-ஐ 1/2 + 1/4 என்றே எழுதினார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அடுத்து ஐந்து பட்டையை நாலு பேருக்குப் பங்கிடச் சொல்லிப் பாருங்கள், எண்கோட்டில் 5/4 எங்கே வரும் என்று அவளே காட்டுவாள்.